இல்லாத காலின் பெருவிரல்

நெடுந்தீவில் அந்த வீட்டுக்குப் போன முதல் நாளே, இல்லாத ஒரு காலின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நிரோஜா விறாந்தையில் பாய் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி இருந்தாள். வலது கால் முழுதாக நீண்டு கிடந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் போய், வெள்ளைத் துணிச் சுற்றுக்குள் முடிந்தது. அதற்கு அப்பால் வெறும் பாய். நான் பையை இறக்கி வைத்துவிட்டு, படகுப் பயணத்தில் நொந்த இடுப்போடு, அந்த வெறும் பாயில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

அவள் வீரிட்டாள்.

"அக்கா! கால்! என்ர கால்ல இருக்கிறியள்!"

துள்ளி எழுந்தேன். கீழே பார்த்தேன். பாயின் பச்சைக் கரையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. ஆனால் அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாய் வந்துவிட்டது. பயிற்சிப் பழக்கத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஓடிய வேகம் எந்த நடிப்பிலும் வராது.

குசினிக்குள் இருந்து தாயார் ஓடி வந்தார்.

"அவடத்தில ஒருத்தரும் இருக்கிறேல்லைப் பிள்ளை. சொல்ல மறந்து போனன். இஞ்சால வாரும்" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

கதிரையில் இருந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். தேத்தண்ணி கொண்டு வந்த தாயார் பாயை நேரே கடக்கவில்லை. கால் இருந்திருந்தால் பாதம் எங்கே முடியுமோ, அதைச் சுற்றி வளைந்து வந்தார். முற்றத்தில் இருந்து ஏறி வந்த நாயும் அதே இடத்தில் வளைந்து போய்ப் படுத்தது. அந்த வீட்டில் அந்தக் காலுக்கு இன்னும் இடம் இருந்தது. தேத்தண்ணியைச் சூடாகவே குடித்து முடித்தேன்.

நாற்பத்தொரு வயதில் மாணவி

கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன். பல வருடங்கள் விளையாட்டு ஆசிரியையாக இருந்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் மருத்துவ விளையாட்டுச் சிகிச்சை உயர் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பம் போட்ட கதையை இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். வேலணையில் இருந்து தினமும் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போவேன். வகுப்பில் எல்லோரும் இருபது, இருபத்திரண்டு. முதல் கிழமை என்னை 'அன்ரி' என்று கூப்பிட்டுவிட்டு, பரீட்சை வந்ததும் என் குறிப்புப் புத்தகத்துக்காக 'அக்கா' ஆக்கினார்கள்.

என் கணவருக்கு இது பெரிய பகிடி. "இவ்வளவு காலமும் பிள்ளையளை ஓடவிட்டு நோவைக் குடுத்தனீர். இப்ப அதை எடுக்கக் காசு கட்டிப் படிக்கிறீர்" என்பார். உண்மைதான். மைதானத்தில் எத்தனை பிள்ளைகளிடம் "ஒண்டுமில்லை, எழும்பி ஓடு" என்று கத்தியிருக்கிறேன்! அதில் எத்தனை பேருக்கு ஒன்று இருந்திருக்கும் என்பதை எலும்பும் தசைநாரும் படித்த பிறகுதான் யோசித்தேன். சில நாட்கள் அந்த யோசனை என்னைச் சாப்பிடவிடாது.

இரண்டாம் வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைத் தெரிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு அமர்வுகள். ஒவ்வொரு அமர்விலும் என்ன கண்டோம், என்ன செய்தோம், என்ன நடந்தது என்று ஒரு பதிவேட்டில் எழுதவேண்டும். பிள்ளைகள் எல்லோரும் கெட்டித்தனமாக உதைபந்தாட்டக்காரனின் கணுக்கால், பந்து வீச்சாளனின் தோள் என்று எடுத்துக் கொண்டார்கள். நான் நிரோஜாவை எடுத்தேன்.

அவளை எனக்கு முன்பே தெரியும். வலைப்பந்துப் போட்டி ஒன்றில் நான் நடுவர், அவள் நெடுந்தீவு அணியில் ஆடியவள். நான் கொடுத்த தீர்ப்பு பிழை என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னோடு வாதாடினாள். அன்று அவள் சொன்னதுதான் சரி. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு அவள் தன் ஊர்ப் பாடசாலையிலேயே பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்கினாள்.

சோளகக் காற்று அடிக்கிற ஒரு நாள், ஆடுகிற படகில் இருந்து இறங்குதுறைக்குத் தாவினாள். தாவியது சரி. இடது கால் மட்டும் ஒரு கணம் பிந்திவிட்டது. படகு அலையோடு வந்து துறைச் சுவரில் மோதியபோது பாதம் நடுவில் அகப்பட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, கிருமி ஏறி, ஒரு கிழமையில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது.

அவள் கீறிய படம்

வெட்டிய காலின் நுனிக்கு முதலில் தொடுகையைப் பழக்கவேண்டும். பஞ்சால் தடவி, பிறகு துவாயால், பிறகு சாக்குத் துண்டால். அப்போதுதான் செயற்கைக் காலின் அழுத்தத்தை அது தாங்கும். செயற்கைக் கால் வந்து வீட்டில் ஒரு மூலையில் சாத்தியிருந்தது. அவள் அதைப் போடவே இல்லை. போட்டால் நோவு கூடுகிறதாம். வெட்டிய இடத்தில் அல்ல. வெட்டி எடுத்த பாதத்தில்.

இல்லாத உறுப்பு நோவது புதினமல்ல. எங்கள் பாடத்தில் அதற்கு ஒரு முழு அதிகாரம் இருந்தது. கால் போனாலும் மூளைக்குள் காலுக்குரிய இடம் போவதில்லை. எரிவு, மின்சாரம் அடிப்பது, விரல் சுருண்டு விரிக்க ஏலாமல் இருப்பது, இவையெல்லாம் வரும். இரண்டாம் அமர்வில் ஒரு தாளைக் கொடுத்து, "இப்ப கால் எப்பிடி இருக்குதோ அப்பிடியே கீறும்" என்றேன்.

கீறினாள். நான்கு சின்ன விரல்களும் உள்ளே சுருண்டிருந்தன. பெருவிரல் மட்டும் நேராக இருந்தது. அதன் குறுக்கே ஒரு கட்டு. கட்டோடு சேர்த்து, பாதத்தின் நீளத்துக்கு ஒரு கோடு.

"இதென்ன?"

"தடி மாதிரி ஒண்டு அக்கா. பெருவிரலை அதோட சேர்த்து இறுக்கிக் கட்டிக் கிடக்கு."

"நூலாலயோ?"

"இல்லை, துணி. பட்டையா இருக்கு. முடிச்சு உள்பக்கம்." தலையைக் குனிந்து கொண்டாள். "எனக்குப் பைத்தியம், விசர் எண்டு எழுதிப்போடாதையுங்கோ."

"உமக்கு விசரில்லை" என்றேன். குரலில் எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை.

அன்று படகில் திரும்பும்போது புத்தகத்தைப் புரட்டினேன். எரிவு இருந்தது, சுருள்வு இருந்தது. தடி இருக்கவில்லை. பதிவேட்டில் 'பெருவிரலில் இறுக்கம்' என்று மட்டும் எழுதினேன். பொய் எழுதவில்லை, குறைத்து எழுதினேன்.

அலுமாரிக் கதவு

இந்த நோவுக்குக் கண்ணாடிச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு நிலைக்கண்ணாடியை நிமிர்த்தி வைப்பது. குறைக்கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிடும். நல்ல கால் கண்ணாடியில் விழும். பார்க்கிறவருக்கு இரண்டு கால்களும் முழுதாகத் தெரியும். நல்ல காலை அசைத்தால் மற்றக் காலும் அசையும். கண்ணைக் காட்டி மூளையை ஏமாற்றுகிற வேலை. சுருண்ட விரல் விரிந்ததைக் கண்ணால் கண்டால் மூளையும் விரித்துவிடும்.

அவ்வளவு பெரிய கண்ணாடியை நெடுந்தீவுக்கு எப்படிக் கொண்டு போவது? நிரோஜாவின் பெரியப்பா தம்பிராசா ஐயா வழி கண்டார். தகப்பன் இல்லாத அந்த வீட்டுக்கு எல்லாவற்றுக்கும் அவர்தான். தாயாரின் சீதன அலுமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. திருகாணிகளைக் கழற்றி, கதவை அப்படியே தூக்கிக் கொண்டு வந்து பாயில் நிமிர்த்தினார்.

"வலது காலின்ர விரலைச் சுருட்டும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு மெல்ல மெல்ல விரியும்."

விரித்தாள். கண்ணாடிக்குள் இடது பாதம் விரல்களை விரித்தது. அவள் வாய் திறந்தபடி பார்த்திருந்தாள்.

"விரியுது அக்கா... நாலும் விரியுது!"

நான் அவள் வலது பாதத்தைத் தடவிக் கொடுத்தேன். கண்ணாடிக்குள் ஒரு கை, மணிக்கூட்டைப் பிழையான பக்கத்தில் கட்டியபடி, ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்ட ஒரு பாதத்தைத் தடவியது. அந்தக் கை என்னுடையதாக எனக்குத் தோன்றவில்லை. கையை எடுத்துவிட வேண்டும் போல் இருந்தது. எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு தடவினேன்.

தாயார் அரிசி புடைத்தபடி வாசலுக்கு வந்தவர், அந்தப் பக்கத்தில் இருந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டார். மகள் இரண்டு காலோடு இருந்தாள். சுளகு கை தவறி விழுந்து அரிசி விறாந்தை எங்கும் சிதறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அமர்விலும் அவர் அதே இடத்தில் வந்து நின்றார். கண்ணாடியை எடுக்கிற நேரம் மட்டும் "இன்னும் எப்பன் நேரம் வைச்சிரும் பிள்ளை" என்பார்.

நாலு விரல்கள் விரிந்தன. பெருவிரல் மட்டும் அசையவில்லை. ஐந்தாம் அமர்விலும் இல்லை, ஏழாம் அமர்விலும் இல்லை.

"கட்டினது கட்டினபடி கிடக்கு அக்கா. கண்ணாடியில கட்டு இல்லை, கால்ல இருக்கு. அதாலதான் அது நம்புதில்லை."

அன்றுதான் அந்தச் செய்தியையும் சொன்னாள்.

"நான் டொக்டரிட்டக் கேட்டுப்போட்டன். முழங்காலுக்கு மேல எடுத்துவிடச் சொல்லி. வாற மாதம் கிளினிக்குக்கு வரட்டாம், பார்த்து முடிவு சொல்லுறாராம்."

முழங்கால் இருந்தால் செயற்கைக் காலோடு அவள் நடப்பாள், படி ஏறுவாள், மைதானத்தில் பிள்ளைகளுக்கு நடுவே நிற்பாள். முழங்கால் போனால் ஒவ்வோர் அடியும் தொடையால் எறிந்து வைக்கிற அடி. அதைவிட, நோவு முழங்காலில் இல்லை. எவ்வளவு உயர வெட்டினாலும் அந்தப் பெருவிரல் அவளை விடாது. எல்லாவற்றையும் சொன்னேன். படம் கீறிக் காட்டினேன்.

"இந்த நோவோட முழங்கால் இருந்தென்ன, இல்லாட்டி என்ன?" என்றாள்.

கிளினிக்குக்கு ஐந்து கிழமை இருந்தது. திரும்பும் படகில் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். ஆற்றாமையில் வந்த அழுகை.

படலை வரை

இந்த இடத்தில் என் அப்பாவின் செத்தவீட்டைச் சொல்லவேண்டும். எனக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். அப்பாவைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நடு அறையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்க்கப் பயந்து நான் காலையே பார்த்துக் கொண்டிருந்தேன். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கிழிசலால் கட்டியிருந்தது. ஏன் என்று பக்கத்தில் இருந்த மாமியைக் கேட்டேன். "கால் அகலாமல் இருக்க" என்றார். ஊதுபத்தி வாசமும், அந்தச் சின்ன முடிச்சும்தான் அந்த நாளில் எனக்கு மிஞ்சியவை.

பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டோம். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அங்கே என்ன நடக்கிறது என்பது எங்களுக்குக் கேள்வி ஞானம்தான். பல வருடங்களுக்குப் பிறகு அண்ணை ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கொள்ளி வைப்பதற்கு முன், கட்டிய கட்டு எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்களாம். கட்டோடு அனுப்பக் கூடாதாம்.

இது எனக்கு நினைவு வந்தது அந்தப் படகில்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, படகுக்காரர் கயிற்றுத் தலைப்பை ஒரு கட்டையோடு சேர்த்துச் சுற்றிக் கொண்டிருந்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, முடிச்சு.

உயிரோடு இருப்பவரின் பெருவிரலை யாரும் கட்டுவதில்லை. நல்ல வெயில். எனக்குக் குளிரெடுத்தது.

நெடுந்தீவுக்குப் போன மீன்பெட்டி

எட்டாம் அமர்வன்று, சிகிச்சைக்கு முன் தம்பிராசா ஐயாவைத் தனியே பிடித்தேன். வீட்டு வளவின் பின்பக்கத்தில், கல் வேலியில் சரிந்த கற்களை எடுத்து அடுக்கிக் கொண்டிருந்தார்.

"ஐயா, நிரோஜாவின்ர வெட்டின காலுக்கு என்ன நடந்தது?"

கையில் எடுத்த கல்லை வைக்காமல் நின்றார். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் கேக்கிறன்."

கல்லை வைத்தார். அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில கேட்டு, கையெழுத்து வைச்சு வாங்கினனான் பிள்ளை. நான் தூக்கி வளத்த பிள்ளையின்ர கால். குப்பையோட குப்பையா விட மனம் கேக்கேல்லை. மீன் போடுற பெட்டி ஒண்டு வாங்கி, ஐஸ் போட்டு வைச்சுக் கொண்டந்தனான்."

"படகிலயோ?"

"ஓம். சனம் நிறைய. நெடுந்தீவுக்கு மீன் கொண்டு போற முதல் ஆள் நீர்தான் எண்டு சிரிச்சினம். நானும் சிரிச்சனான். இடமில்லையெண்டு ஒரு மனிசி பெட்டிக்கு மேல ஏறி இருந்திட்டா. கரை வரைக்கும் இருந்தவ. இருக்காதையுங்கோ எண்டு சொல்ல வாய் வரேல்லை."

அந்த நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிரோஜா என்ன சொல்லிக்கொண்டு கிடந்தாள் என்று தாயாரைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. பயம்தான்.

"எரிக்க மனம் வரேல்லை. ஆள் உயிரோட இருக்கேக்க எரிக்கிறதோ? தாட்டனான். மண்ணில புதைக்கிறதெண்டாலும் முறையாச் செய்யவேணும். பெருவிரலைக் கட்டவேணும். ஒரு கால்தான் கிடக்கு, எதோட கட்டுறது? பனை மட்டையில ஒரு தடி சீவி, அதை மற்றக் கால் எண்டு நினைச்சு வைச்சு, வேட்டிக் கரையைக் கிழிச்சுக் கட்டினன்."

"முடிச்சு எந்தப் பக்கம் ஐயா?"

"உள்பக்கம்."

கல் வேலிக்கு மேலால் காற்று ஊதிக்கொண்டு போனது.

"மண் போடுறதுக்கு முதல் அவிழ்த்தனீங்களோ?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை எனக்கு இப்போதும் மறக்க ஏலாது.

"அது நாலு பேர் நிண்டு செய்யிற வேலை பிள்ளை. ஒருத்தர் மறந்தா மற்றவர் சொல்லுவினம். நான் தனிய நிண்டனான்" என்றார். பிறகு, "ஐயோ" என்று சொல்லிக் கையால் வாயைப் பொத்தினார்.

இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. தாயாருக்குக் கூட, ஆஸ்பத்திரியே பார்த்துக் கொண்டது என்றுதான் சொல்லி வைத்திருந்தார். நிரோஜாவுக்கு எப்படித் தெரிந்தது? சத்திர சிகிச்சைக்கு முன் காலைத் தடி வைத்துக் கட்டியிருக்கலாம், அந்த நினைவு நரம்பில் நின்றிருக்கலாம். அரை மயக்கத்தில் கிடந்தவளின் அருகே நின்று பெரியப்பா தன்னை அறியாமல் ஏதும் புலம்பியிருக்கலாம். இப்படிப் பத்துக் காரணம் என்னால் சொல்ல முடியும். பத்தையும் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஒன்றாவது மனதில் தங்கவில்லை.

"இப்பவே போய்த் தோண்டி அவிழ்த்துவிடுறன்" என்று எழும்பினார்.

கையைப் பிடித்து நிறுத்தினேன். இவ்வளவு மாதத்துக்குப் பிறகு அந்தக் குழியில் எதைக் காண்பார்? அதைக் கண்டபின் இந்த மனிதர் எப்படி நித்திரை கொள்வார்? அத்தோடு, ஒரு யோசனை எனக்கு வந்துவிட்டது. வந்த யோசனை எனக்கே பிடிக்கவில்லை.

கேட்டுச் செய்யும்

எங்கள் மேற்பார்வை விரிவுரையாளர் கண்டிப்பானவர். என்னைவிட ஐந்து வயது இளையவர், ஆனால் நாங்கள் எல்லோரும் அவருக்குப் பயம். அவருக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பேசுவார், ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை.

"கண்ணாடியில அவ காணுற காலும், அவவுக்கு நோகிற காலும் ஒரே மாதிரி இல்லை. அதுதான் வேலை செய்யேல்லை" என்றார். "ஒரே மாதிரி ஆக்கப் போறீர். அவ்வளவுதானே?"

"ஓம் மிஸ்."

"அவவுக்கு முழுக்கச் சொல்லும். கேட்டுச் செய்யும். அவ மாட்டன் எண்டா விட்டிடும்."

ஒன்பதாம் அமர்வு

காலை பத்து மணி இருக்கும். நிரோஜாவிடம் பெரியப்பாவையே சொல்ல வைத்தேன். அவர் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. நடுவில் இரண்டு தரம் எழும்பி முற்றத்துக்குப் போய் வந்தார்.

அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்திருந்தேன். அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்ப எனக்கு விசரில்லை" என்றாள்.

நான் என் யோசனையைச் சொன்னேன். புதிதாக ஒரு தடி. அதே மாதிரி ஒரு வேட்டிக் கரை. அவளுடைய நல்ல காலின் பெருவிரலை, பெரியப்பா கட்டியது போலவே கட்டுவது. கண்ணாடிக்குள் இல்லாத காலில் கட்டு விழும். பிறகு அவிழ்ப்பது.

வாசலில் நின்ற தாயார் ஓடி வந்து மகளின் வலது காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக் கொண்டார்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கோ! என்ன கதை கதைக்கிறீர்? இருக்கிற காலையும் அனுப்பப் போறீரோ?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. சான்றிதழுக்காக ஒருத்தியின் உயிரோடு விளையாடுகிறேனோ என்ற எண்ணம் வந்தது. "வேண்டாமெண்டா விடுவம்" என்றேன்.

"அம்மா, விடுங்கோ" என்றாள் நிரோஜா. நடுவரான என்னோடு வாதாடிய அதே குரல். "நோகிறது எனக்கு. பெரியப்பா, நீங்கள் கட்டினது. நீங்கள்தான் கட்டவேணும், நீங்கள்தான் அவிழ்க்கவேணும். இருங்கோ."

தம்பிராசா ஐயா இருந்தார். பனை மட்டைத் தடியை அவள் வலது பாதத்தோடு சேர்த்து வைத்தார். வேட்டிக் கரையைப் பெருவிரலைச் சுற்றி இரண்டு சுற்று இழுத்து, உள்பக்கமாக முடிந்தார். அவள் கண்ணாடிக்குள் பார்த்தாள். இல்லாத இடது பாதம் அங்கே நீண்டிருந்தது. பெருவிரலில் வெள்ளைக் கட்டு, பக்கத்தில் தடி.

அவள் முகத்தில் இரத்தமே இல்லை. "இதுதான். இதேதான்" என்றாள் மிகவும் மெதுவாக.

"அவிழுங்கோ ஐயா" என்றேன்.

வியர்வையில் துணி இறுகிவிட்டது. நகத்தால் கிண்டினார், முடிச்சு அசையவில்லை. என் பையில் கத்தரிக்கோல் இருந்தது. கை அதற்குப் போனது.

"வெட்டுறேல்லை" என்றார் நிமிராமல். "அவிழ்க்கவேணும்."

எத்தனை நிமிடம் போனதோ தெரியாது. முதலில் ஒரு இழை இளகியது. பிறகு முடிச்சு முழுதும் நெகிழ்ந்து, துணி கழன்று பாயில் விழுந்தது. தடி சரிந்தது. கண்ணாடிக்குள்ளும் சரிந்தது.

நிரோஜா அசையாமல் இருந்தாள்.

"நிரோஜா?"

"விட்டிட்டுது" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக் கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அவள் முகம் மாறியது.

"அக்கா, உதுக்குள்ள தெரியிற கால் ஆரின்ர?"

"உம்மட வலது கால்தானே. கண்ணாடியில விழுகுது."

"இல்லை. எப்பன் முதல் வரைக்கும் அது என்ர. இப்ப ஆரோ ஒராளின்ர கால் வந்து என்னில ஒட்டிக்கொண்டு நிக்குது. மூடுங்கோ அக்கா! மூடுங்கோ!"

படுக்கை விரிப்பை இழுத்துக் கண்ணாடியை மூடினேன். அவள் குனிந்து, பாதம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் காற்றைக் கையால் தடவினாள். முன்பெல்லாம் அங்கே ஏதும் பட்டால் வீரிடுவாள். இப்போது பாய் வரைக்கும் கை போனது. பாயைத் தட்டிப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "அம்மா, என்ர கால் இல்லை."

விபத்து நடந்த நாளில் இருந்து அவள் அழுததில்லை என்று தாயார் முன்பு சொல்லியிருந்தார். அன்று அழுதாள். தாயார் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டார். பெரியப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். "ஆர் செத்தது?" என்று என்னைக் கேட்டார்கள். நான் என்னத்தைச் சொல்ல? அவர்களும் பாயைச் சுற்றி இருந்து, யாருக்கு என்று தெரியாமலே அழுதார்கள். நானும் இருந்து அழுதேன். ஒரு காலுக்குச் செத்தவீடு நடந்ததை நான் கண்டது அன்றுதான்.

பதிவேட்டில் 'ஒன்பதாம் அமர்வு: கண்ணாடிச் சிகிச்சை. பெருவிரல் இறுக்கம் நீங்கியது' என்று எழுதினேன். மேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தார்.

கிளினிக் நாள்

நோவு முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வாடைக் காற்றுக்கு வெட்டிய நுனி உளையும். ஆனால் அந்தப் பெருவிரல் பிறகு வரவில்லை. பதினோராம் அமர்வில் செயற்கைக் காலைப் போட்டு, கல் வேலியைப் பிடித்துப் பிடித்துப் படலை வரைக்கும் நடந்தாள்.

கிளினிக்குக்கு நானும் பெரியப்பாவும் கூடப் போனோம். டொக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முழங்காலுக்கு மேல எடுக்கச் சொல்லிக் கேட்டனீர் என்ன?" என்றார்.

அவள் சட்டையை இழுத்து முழங்காலை மூடினாள். "இல்லை டொக்டர். வேண்டாம்."

வெளியில் வந்து வாங்குப் பலகையில் இருந்தோம். தம்பிராசா ஐயா கையில் கிடந்த தொப்பியைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். மனிதர் அந்தச் சில கிழமைகளில் நன்றாக மெலிந்து போயிருந்தார். கடைசியில் அவளிடம் கேட்டேவிட்டார்.

"பிள்ளை, அதைத் தாட்ட இடத்தால போகேக்க இப்பவும் என்ர கால் கூசுது. உன்னில அவிழ்த்தாச்சு. மண்ணுக்குள்ள இருக்கிறது கட்டோடதானே கிடக்கு. ஒருக்காத் தோண்டி அதையும் அவிழ்த்துவிடட்டோ?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அவசரப்படவில்லை. யோசித்தாள்.

"வேண்டாம் பெரியப்பா. அது செத்துப் போச்சு. கிடக்கட்டும்" என்றாள். "எனக்கு இந்த முழங்கால் போதும்."

சொல்லிவிட்டு முழங்காலை மடக்கினாள். நீட்டினாள். பிறகும் ஒரு தரம் மடக்கினாள்.